குளிர் மலையில் முதுகு வெந்த கதை

காலை ஏழு மணிக்குத் தாப்பாவிலிருந்து லோரி கிளம்பியது. ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் ஏது? பின்னால் ஓர் இரும்பு உருளையில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். தானா ராத்தா வரைக்கும் முப்பத்தெட்டு மைல். ஏற்றம் வந்தால் லோரிக்கு மூச்சு வாங்கும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம்.

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் மட்டும்தான் அப்போது பிறந்திருந்தாள். அவளையும் உங்கள் அம்மாவையும் ரப்பர் தோட்டத்தில் விட்டுவிட்டு நான் மலையேறியதற்குக் காரணம் சயாம். அங்கே ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றிச் சேதி இல்லை. மலையில் தேயிலைத் தோட்டத்தில் மரவள்ளி நடக் காடு வெட்ட ஆள் வேண்டும், பெயர் பதிந்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள், குடும்பத்துக்கும் லயத்து வரிசை வீட்டில் இடம் கிடைக்கும் என்று, அங்கேயே வேலை பார்த்த அம்மாவின் அண்ணன் மாணிக்கம் சொல்லியனுப்பியிருந்தார்.

வழியில் ஒரு பெரிய அருவி. டிரைவர் நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மேலே வெயில் கடிக்கும்லா, சட்டைய கழட்டிராதீங்க" என்றார்.

"இந்தக் குளிர்ல வெயிலா? நல்ல ஆளுய்யா நீங்க!"

அவர் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

நண்பகலில் தோட்டத்தை எட்டினோம். அங்கே நான் கண்டதை எப்படிச் சொல்வது! ரப்பர் காட்டில் பிறந்தவனுக்கு வானம் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கே மொத்த வானமும் தெரிந்தது. செடிகளெல்லாம் இடுப்பளவு. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. காலுக்குக் கீழே மேகம் நகர்ந்துபோனது. வாய் திறந்தபடி நின்றேன். எனக்கும் வானத்துக்கும் நடுவே நிழல் தர ஒரு மரம்கூட இல்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை காடு வெட்டப் போனோம். துணிப் பஞ்சக் காலம். எனக்கிருந்தது ஒரே சட்டை. அது கிழிந்துவிடக் கூடாதென்று கழற்றி மடித்து வைத்தேன். மற்றவர்கள் முதுகில் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வெட்டினார்கள். குளிர் தாங்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சில்லென்று காற்று வீசியது. வேர்வையே இல்லை. கறுத்த தோலை வெயில் என்ன செய்துவிடும்?

மாலை நான்கு மணிக்கு லயத்துக்குத் திரும்பிச் சட்டையை மாட்டினேன். அவ்வளவுதான், முதுகில் தணலைக் கொட்டியது போலிருந்தது. கழற்றுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தோள் முரசுத்தோல் போல விறைத்து, கருகிச் சுட்டது. இரண்டு இடத்தில் கொப்புளம்.

மாணிக்கத்தின் முகம் மாறியது. "மச்சான், நாளைக்குக் காலையில பெரட்டு இருக்கு, அங்கதான் ஒங்க பேரப் பதிவாங்க. கங்காணி ஒவ்வொருத்தன் முதுகையும் தட்டித்தான் ஆள் எண்ணுவாரு. சுருண்டா சீக்காளிம்பாரு. சீக்காளி பேரெல்லாம் சயாம் லோரிக்குத்தான்லா."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பது.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு கொட்டாங்குச்சியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அது பொன்னுக்குச் சமம். மாணிக்கத்தின் மனைவி செல்லம் குறுக்கே வந்தாள்.

"எண்ணெய் வேணாங்க. உள்ள சூடு இன்னும் இருக்கு, அது மேல பூசி மூடாதீங்க. மொதல்ல சூடு எறங்கட்டும்."

அவள் வாசலில் நின்று சொல்லச் சொல்ல மாணிக்கம் செய்தார். ஓடைத் தண்ணீரில் பழந்துணியை நனைத்து முதுகில் போட்டார். துணி சூடானதும் மறுபடி நனைத்தார். பேக்டரியில் கூட்டித் தள்ளிய தேயிலைத் தூளை அதற்குள் செல்லம் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டிக் கொடுத்தாள். அதில் நனைத்த துணியைப் போட்டதும், எனக்கு மேகத்துக்குள் முதுகை நீட்டியது போலிருந்தது.

"கொப்புளத்த ஒடைக்காதீங்க அண்ணே. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, நெறையக் குடிங்க."

"தேயிலைத் தோட்டத்துக்கு வந்து தேயிலையிலயே குளிக்கிற தொரை நீங்கதான் மச்சான்" என்றார் மாணிக்கம். "சீனிதான் கொறைச்சல்!"

சிரித்தால் தோள் வலித்தது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

விடிந்ததும் எரிச்சல் பாதிதான் இருந்தது. ஆனாலும் தட்டு தாங்காது. செல்லம் ஒரு கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து, கயிற்றை என் நெற்றியில் மாட்டி, முதுகு மறையும்படித் தொங்கவிட்டாள். கூடைக்கும் முதுகுக்கும் நடுவே தளரத் தளர ஒரு வாழை இலை.

"மரவள்ளிக் குச்சி சொமக்கப் போறேன்னு சொல்லுங்க."

ஆறு மணிக்குப் பெரட்டு. சற்றுத் தள்ளி ஜப்பான்காரன் ஒருவன் கத்தியுடன் நின்றான். மாட்டுச் சந்தையில் காளை பார்ப்பவரைப் போல, கங்காணி தட்டிக்கொண்டே வந்தார். என் முறை. கூடையைப் பார்த்தார்.

"பெரட்டுக்கே கூடையோட வந்துட்டியாடா? வேலைக்காரன்லா!"

ஓங்கிக் கூடையின் மேல் ஓர் அறை வைத்தார். கூடை முதுகில் மோதியது. எதிரே இருந்த மூன்று மலையும் எனக்கு ஆறு மலையாகத் தெரிந்தன. பல்லை இறுகக் கடித்தேன். அது அவருக்குச் சிரிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். அவரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். கணக்கெழுதும் கிராணி என் பெயரை எழுதிக்கொண்டார்.

தோல் உரியத் தொடங்கிய சமயத்தில், குடும்பத்தை அழைத்து வர அதே லோரியில் மலையிறங்கினேன். டிரைவர் என் கழுத்தைப் பார்த்தார். "என்னண்ணே, பாம்பு மாதிரி சட்டை உரிச்சிருக்கீங்க?" நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தலையை உயர்த்திப் பார்த்தேன். வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த மரங்கள் எனக்குக் குடை பிடித்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

இரண்டு நாளில் உங்கள் அம்மாவோடு மறுபடி மலையேறினேன். அருவியைத் தாண்டி, செடிகள் குட்டையாகி, மொத்த வானமும் திறந்தது. "அம்மாடி!" என்று உங்கள் அம்மா வாய் பிளந்தாள். பிறகு குளிருக்காக மூத்தவளைச் சேலைத் தலைப்பில் சுற்றினாள். நான் வெயிலுக்காகக் குழந்தையின் தலைக்கு மேலே சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.