யார் போன பிறகு வந்தீர்கள்?

செவ்வாய்க்கிழமை காலை 6.40. சித்தூர் பஸ் நிலையத்தில் திருப்பதி வண்டி ஏறினேன். தூரம் எழுபது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். வண்டி முழுக்க மொட்டையடிக்கப் போகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "தரிசனத்துக்கா போறீங்க?" என்று கேட்டாள். "இல்லீங்க, ஒரு ஆபீஸ பார்க்கப் போறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரணம் என் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கனடா போனவள், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அங்கே பூர்வகுடி மக்களுக்கான நட்பு மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஊரிலிருந்து நகரத்துக்கு வருகிற பூர்வகுடிக் குடும்பங்களுக்குத் தங்க இடம், சூடாகச் சாப்பாடு, விண்ணப்பம் எழுதித் தர ஒரு ஆள். இதுதான் மையம். போன வாரம் போனில், "நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இருக்காம்மா?" என்றாள். மண்டல ஆபீஸில், அதாவது தாலுகா ஆபீஸ் மாதிரி ஒன்றில், இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விசாரித்ததில் திருப்பதியில் யானாதிப் பழங்குடி மக்களுக்கென்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள்.

சாலையின் இரண்டு பக்கமும் இன்ஜினீயரிங் காலேஜ் விளம்பரங்கள், நடுநடுவே அமெரிக்க விசா வாங்கித் தருகிறவர்களின் போன் நம்பர்கள். சந்திரகிரி தாண்டி மலை தெரிந்ததும் வண்டியே கோவிந்தா போட்டது. நானும் போட்டேன். போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

காலை 9.15. ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட இரண்டு அறைதான் மையம். ஒரு அறையில் ஆஸ்பத்திரியில் வீட்டு ஆளைச் சேர்த்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு போன். பெங்களூரிலும் சென்னையிலும் கட்டட வேலைக்குப் போன ஆண்கள் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுவார்களாம். பெண்கள் மூன்று மணிக்கே வந்து அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவார்களாம்.

நடத்துகிறவர் ரமணய்யா. அவரும் யானாதிதான், ஐம்பது வயதிருக்கும். சத்தியவேடு பக்கத்துக்காரர் என்பதால் தமிழிலேயே பேசினார். அவர் வைத்திருந்த விண்ணப்பத் தாளைப் பார்த்தேன். பெயர், வயது எல்லாம் வழக்கம்போல. ஊர் என்று இருக்க வேண்டிய இடத்தில், 'யார் போன பிறகு வந்தீர்கள்?' என்று இருந்தது.

"இது என்ன கேள்வி?" என்றேன்.

"எங்காளுங்க நெறய பேரு வூட்டுல சாவு வுழுந்தா அந்தக் குடிசைல இருக்க மாட்டாங்க மேடம். பிரிச்சிட்டு வேற எடம் போய்டுவாங்க. எந்த ஊருன்னு கேட்டா ஒருத்தரே நாலு ஊரு சொல்லுவாரு. யாரு போனாங்கன்னு கேட்டா வரிசையா வந்துரும்" என்றார்.

காலை 11.00. மங்கம்மா என்கிற பெண் மகள் சுஜாதாவோடு வந்தாள். சுஜாதாவுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பழங்குடிச் சான்றிதழ் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ரேஷன் கார்டில் ஒரு ஊர், பள்ளிக்கூடத்தில் ஒரு ஊர், இப்போது இருப்பது மூன்றாவது ஊர். ஒரு தடவை மனு தள்ளுபடியாகியிருந்தது. மண்டல ஆபீஸில் வேலை பார்த்தவள் என்று சொல்லியிருந்ததால் ரமணய்யா அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

ஓரத்தில் தெலுங்கில் குறிப்பு: 'நிரந்தர முகவரி இல்லை. சொல்வது ஒன்றுக்கொன்று முரண். நிராகரிக்கலாம்.' கீழே சுருக்கொப்பம், பச்சை மையில். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் நான் போட்டது.

பேசாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அந்த யோசனை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு, "இது நான் எழுதினது" என்றேன்.

மங்கம்மா என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமா, நீங்கதான். ஃபேனுக்குக் கீழ உக்காந்துகினு இருந்தீங்க. ஏன் ஊர் ஊரா மாத்திக்கினே கீறேன்னு கேட்டீங்க. நான் தல குனிஞ்சிக்கினு நின்னேன்."

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே அம்மா."

"செத்தவங்க பேர நானா எப்படி எடுக்கறது? யாரு போனாங்கன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன். மொதல்ல அத்த. அப்பறம் என் வூட்டுக்காரரு. அவ்ளோதான் மேடம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகத் திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சுஜாதா மட்டும், "வெள்ளிக்கெழமைக்குள்ள ஆவுமா மேடம்?" என்று கேட்டாள்.

பகல் ஒரு மணிக்குச் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு மனு எழுத உட்கார்ந்தேன். எந்த மரணத்துக்குப் பிறகு எந்த ஊர், அதற்கு அங்கே யார் சாட்சி என்று இரண்டு பக்கம். இரவு மையத்திலேயே, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பக்கத்தில் ஒரு பாயில் படுத்தேன்.

புதன் காலை 7.30. ரமணய்யா, மங்கம்மா, சுஜாதா, நான் நாலு பேரும் புத்தூரில் பஸ் மாறி என் பழைய ஆபீஸுக்குப் போனோம். ஊர்ப்பெயர் வேண்டாம். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகக் கவுன்ட்டருக்கு வெளிப்பக்கம் நின்றேன். அங்கே ஃபேன் காற்று வருவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. என் நாற்காலியில் இருந்த இளைஞர் காகிதத்தைப் புரட்டி, "இது ரிஜெக்ட் ஆன கேஸாச்சே. யாரும்மா எழுதனது?" என்றார். "நான்தான் தம்பி. தப்பா எழுதிட்டேன்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மதியம் சாட்சிகள் வந்தார்கள், ரமணய்யா ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்துப் போனார். வியாழன் மாலை 4.20க்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. சுஜாதா அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினாள். மங்கம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. "பாத்துப் போங்க" என்றாள். அதுவே எனக்கு அதிகம்.

இரவு 9.10க்குச் சித்தூரில் வீட்டுக் கதவைத் திறந்தேன். மகளின் போன் வந்தது. "இருக்கும்மா, நம்ம பக்கமும் இருக்கு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை மை உட்பட. பிறகு, "நீ இப்ப எந்த ரூம்ல படுக்கறம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அதே அறைதான். எட்டு வருடத்துக்கு முன் அவள் அப்பா உயிர் விட்டது இந்த அறையில், இந்தக் கட்டிலில்தான். நான் இடம் மாறவில்லை. ரேஷன் கார்டிலும் பென்ஷன் புத்தகத்திலும் இதுதான் என் நிரந்தர முகவரி. யார் போன பிறகும் இங்கேயே ஏன் இருக்கிறாய் என்று என்னை எந்த ஆபீஸும் கேட்டதில்லை.