குறுக்கே வந்தவள்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் விடாக்கண்டன். வைத்தவன் நான்தான். அவன் விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் எடுக்கிறவன், நான் அந்தப் பக்கத்தைக் கட்டித் தலைப்புப் போடுகிறவன். இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். லீவு என்று வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எங்கள் செய்தி ஆசிரியருக்குக் கொடாக்கண்டன் என்று பெயர் வைத்ததும் நான்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. முதல் பெயருக்காக இப்போது படுகிறேன்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவன் கேமராவில் இருக்கும் ஒரு செட்டிங். ஓடுகிற ஒருவர்மேல் ஆட்டோஃபோகஸ் வைத்துத் தொடரும்போது இன்னொருவர் குறுக்கே வந்துவிட்டால் கேமரா என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். ஒன்று வைத்தால் குறுக்கே வந்தவர்மேல் உடனே தாவிவிடும். ஐந்து வைத்தால் அசையாது. வந்தவர் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்து பழைய ஆளையே பிடித்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் ஆட்டத்துக்கு ஏற்றபடி எண்ணை மாற்றுவார்கள். இவன் பந்தாட்டமோ ஓட்டமோ, எதற்கும் ஐந்துதான்.

புதுக் கேமரா வந்தபோது அது தானாகவே முகத்தைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் என்றார்கள். முதல் வேலையாக அதை அணைத்தான்.

"யாரு மூஞ்சியப் பாக்கணும்னு நான்தான்யா சொல்லணும். அது எனக்குச் சொல்லக் கூடாது."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கவா போற? விட்றா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவனுக்குச் சிரிப்பே வராது.

அவனுக்கு ஒரே மகள். பத்து வயதிலிருந்து ஓடுகிறாள். அவன் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க ஓட்டக்காரர்கள், நீச்சல்காரர்கள், ஒரு கோல்கீப்பர். எல்லாம் ஊரார் பிள்ளைகள். மகள் ஓடும் படம் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் அவன் மனைவி பார்வையாளர் வரிசையிலிருந்து ஃபோனில் எடுத்தவைதான். அவற்றில் எட்டுப் புள்ளிகள் இருக்கும். எந்தப் புள்ளி மகள் என்பதை அம்மா சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

அதற்கும் ஒரு கதை உண்டு. அவள் பள்ளியில் படிக்கும்போது ஒரு போட்டியில் அவளை எடுத்தான். நல்ல படம். நான் பக்கத்தில் போட்டேன். மறுநாள் காலை செய்தி ஆசிரியர் எல்லோர் முன்னாலும் பேப்பரை அவன் மேசைமேல் போட்டார். "இது பத்திரிகையா, உங்க வீட்டு ஆல்பமா?" அவன் பேப்பரை மடித்து இழுப்பறைக்குள் வைத்தான். படத்தைப் பக்கத்தில் போட்ட நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் ரோஷக்காரன். அதன்பிறகு மகள் ஓடினால் கேமராவைக் கீழே இறக்கிவிடுவான். பத்திரிகைக்கு வேண்டாம், தனக்கென்று ஒன்று எடுத்திருக்கலாமே? எடுக்கவில்லை. அந்த ரோஷத்தை யாரிடம் காட்ட வேண்டுமோ அவரிடம் காட்டாமல் பெற்ற பிள்ளையிடம் காட்டினான்.

மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது அந்த வருடத்தின் பெரிய போட்டியில் எண்ணூறு மீட்டர் இறுதிச் சுற்றுக்குத் தேறினாள். எட்டாவது ஆளாகத் தட்டுத்தடுமாறித் தேறியவள். அதே ஓட்டத்தில் சாதனைக்காரி ஒருத்தியும் இருந்தாள். மூன்று வருடமாக யாரும் அவளைத் தோற்கடித்ததில்லை. இந்த முறை தன் சாதனையைத் தானே முறியடிக்கப் போகிறாள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அன்று காலை ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே மகள் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, இந்த ஒரு தடவை என்னை எடுங்கப்பா. கடைசியா வந்தாலும் பரவாயில்ல. நான் ஓடுற மாதிரி ஒரு படம் வேணும்."

"எடுக்கறேன்மா" என்று சொல்லிவிட்டான். வாயால் சொன்ன சொல் அவனுக்குப் பெரிது.

மூன்றரை மணிக்கு மைதானத்தில் செய்தி ஆசிரியரின் ஃபோன் வந்தது. "முதல் பக்கம் அந்தப் பொண்ணுதான். கோட்டத் தொடுற வரைக்கும் வேற யாரையும் பாக்காதீங்க. மிஸ் ஆச்சுன்னா இங்க வர வேண்டாம்."

அவன் ஒரு திட்டம் போட்டான். பிறகு எனக்கு அவனே சொன்னது. கோடு வரைக்கும் சாதனைக்காரியைப் பிடிப்பது. அவள் கோட்டைத் தாண்டியதும் ஃபோகஸ் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்து, பின்னால் வரும் மகள்மேல் ஃபோகஸ் புள்ளியை வைத்து மறுபடி அழுத்துவது. நடுவில் எப்படியும் இரண்டு மூன்று செகண்டு கிடைக்கும். அவனுக்கு அது போதும்.

அந்தத் திட்டத்தை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தொழில் முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மகள் தோற்றால்தான் அது பலிக்கும், அவ்வளவுதான். அவனுக்கு அது தோன்றவே இல்லை.

கோட்டுக்கு அப்பால், ஓடுபாதையின் வெளிப்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தான். ஐந்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் சாதனைக்காரி முன்னால், மகள் ஆறாவது. கடைசி வளைவு திரும்பியபோது மகள் நாலாவது. நேர்பாதையில் சாதனைக்காரிமேல் ஃபோகஸ் புள்ளியை வைத்து விரலை அழுத்தினான். கேமரா படபடவென்று எடுக்க ஆரம்பித்தது. அப்போது கேமராச் சட்டத்தின் ஓரத்தில் மகளின் சிவப்புப் பனியன் தெரிந்தது. முதலில் ஓரத்தில் இருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது.

"நீ பாத்தியா இல்லியா?" என்று அவனிடம் கேட்டேன்.

"பாத்தேன்யா. நல்லாத்தான் பாத்தேன். வெரல எடுத்து மாத்தி வெக்க அர செகண்டு போதும். ஆனா பெத்தவன் கண்ணு, அதான் பொண்ணு முந்துற மாதிரி காட்டுதுன்னு நெனச்சேன். என் கண்ண நான் நம்பல."

மகள் வெளிப்பக்கமாக வந்து, கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் சாதனைக்காரியைத் தாண்டிக் கேமராவுக்கு நேர் குறுக்கே புகுந்து முதலாவதாக முடித்தாள். கேமரா சொன்னபடி கேட்டது. குறுக்கே வந்தவர் போகட்டும் என்று காத்திருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு வேலியருகே ஓடிவந்தாள்.

"அப்பா, கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா" என்றான்.

ஐந்து மணிக்கு அவன் அலுவலகம் திரும்பியதும் படங்கள் என் திரைக்கு வந்தன. முதல் படத்தைத் திறந்ததும் சொக்கிப் போனேன். தோற்கிறோம் என்று அந்த நொடியில் தெரிந்துகொண்ட சாதனைக்காரியின் முகம். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. படத்தின் இடது பக்கம் பாதியை ஒரு சிவப்பு மங்கல் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சது உன் பொண்ணுதானே? அவ படம் எங்கய்யா?"

அவன் திரையில் அந்தச் சிவப்பு மங்கல்மேல் விரலை வைத்தான். "இதுதான்."

செய்தி ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "ஜெயிச்சவளை எல்லாரும் போடுவான். தோத்தவ மூஞ்சி நம்மகிட்ட மட்டுந்தான் இருக்கு. அந்த மங்கலை வெட்டிடுங்க." பக்கம் முடிக்க அரை மணி நேரம் இருந்தது. நான் அவனைப் பார்த்தேன். "வெட்டு" என்று தலையசைத்தான். வேண்டாம் என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு முழங்கையும் கொஞ்சம் சிவப்பும் மிஞ்சும்படி வெட்டினேன். முழுக்க வெட்ட மனசு வரவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதற்கு மேல் வெட்டினால் சாதனைக்காரியின் காது போயிருக்கும்.

படத்துக்கு ஏக வரவேற்பு. வருடக் கடைசியில் பரிசும் கிடைத்தது. அலுவலகத்தில் மாடிப்படி ஏறும் இடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அங்கேயே நடந்த பரிசளிப்புக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மகள் அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கிடைத்தது என்று அப்பா சொன்ன படம் இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இதுல நான் எங்கப்பா?"

அவன் முழங்கையைக் காட்டினான்.

"ஓ" என்றாள். "நான் குறுக்க வந்துட்டேன்போல. சாரிப்பா."

அவன் வீட்டுக் கூடத்தில் இப்போது மகளின் படம் இருக்கிறது. கைகளை விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறாள், முகம் பளிச்சென்று இருக்கிறது. போட்டிப் பத்திரிகைக்காரன் எடுத்தது. அவன் மனைவி நேரில் போய்க் கேட்டு வாங்கி வந்தாளாம். அடியில் மூலையில் அந்தப் போட்டோகிராஃபரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில்தான் இவன் இத்தனை நாளாகச் சாப்பிட்டான். இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான்.

மகள் எப்போது, எங்கே ஓடுகிறாள் என்று அவனிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. காலையில் காபி போட்டுக் கொடுக்கிறாள், மழை வந்தால் குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சு இல்லை. அவள் ஜெயித்த செய்தி என் பக்கத்துக்கு வரும்போதுதான் அவனுக்கே தெரிகிறது.

போன வாரம் லென்ஸ் துடைக்கும்போது கேமராவை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். எனக்குக் கை சும்மா இருக்காது. மெனுவைத் திறந்து பார்த்தேன். ஐந்து.

"இன்னும் இத மாத்தலியாய்யா நீ?"

துணியை மடித்து வைத்துக்கொண்டே சொன்னான்.

"எதுக்கு மாத்தணும்? இனிமே எனக்குக் குறுக்க யாரு வரப் போறா?"