எங்கள் வீட்டில் நடந்த கம்ப்யூட்டர் வேலை

1988-ஆம் வருஷம் தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டகையும் வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை. லீவில் வந்தவருக்குப் பெண் பார்த்து, பேசி முடித்து, தாலி கட்ட வைப்பதற்குள்ளேயே பாதி லீவு போய்விட்டது. பங்குனி பிறந்ததும் அவர் விமானம் ஏறியாக வேண்டும். மறுபடி முகத்தைப் பார்க்க ரெண்டு வருஷம் ஆகும்.

மிச்சமிருக்கிற நாளிலாவது நாலு வார்த்தை பேசிக்கொள்ளலாம் என்றால், எங்கே பேசுவது? புதுசாகக் கல்யாணமானவர்கள் பகல் நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் அப்போது இல்லை. அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தால்கூடப் போதும், என் நாத்தனார், "என்னாண்ணா, கொழம்புல உப்பு பார்க்க வந்தியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவர் ஆண்களோடு வெளியே, நான் பெண்களோடு அடுப்படியில். பஸ்ஸில் நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். அவருக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்பதையே அத்தையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, எனக்கு அவர் போகவே கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? ஊரே 'மஸ்கட் மாப்பிள்ளை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமனாருக்கு அதைக் கேட்டாலே மீசை நிமிரும். வந்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகள், போக வேண்டாம் என்று வாயைத் திறந்தால் என்ன நினைப்பார்கள்?

இந்த நேரத்தில்தான் அவர் கொண்டுவந்திருந்த சாமான்களிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தது. மஸ்கட்டிலிருந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விற்றுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் அது. டைப்ரைட்டரின் எழுத்துக் கட்டைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தாற்போல் இருக்கும். அதை டி.வி.யில் மாட்டி, டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓடவிட வேண்டும். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறார். கூட வந்த கேசட்டுகள் எல்லாம் வெயிலில் வீணாகி, ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அது ஒரு விளையாட்டு.

திரையில் கட்டைவிரல் அளவில் ஒரு மனுஷன். அவனைச் சுற்றி ஒரு நாடே இருக்கிறது. மலை, காடு, ஆறு, ஊர்கள், எல்லாம் உண்டு. இங்கே போ, அங்கே போ என்று யாரும் விரட்ட மாட்டார்கள். நம் இஷ்டத்துக்கு நடக்கலாம். எதிரே வருகிற ஆட்களோடு பேசலாம். அவர்கள் சொல்வது கீழே இங்கிலீஷில் வரும், நாம் பதிலைத் தட்ட வேண்டும்.

இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஸ்பானர், பெல்ட், பேரிங் வகை. நான் பிளஸ் டூ பாஸ், இங்கிலீஷில் நல்ல மார்க். எனவே கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதே, "இந்தா, கொஞ்சம் இங்க வா. இது என்னா சொல்லுதுன்னு படிச்சுச் சொல்லு" என்று கூப்பிட்டுவிட்டார். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

மாமனார் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று, "என்னாடா அது?" என்றார்.

"கம்ப்யூட்டருப்பா. இதுல ஒரு வேலை இருக்குது, முடிக்கணும். இங்கிலீஷ் படிக்க ஆளு இல்லாம முடியாது."

அவ்வளவுதான்! கம்ப்யூட்டர் என்ற வார்த்தைக்கு அன்றைக்கு இருந்த மரியாதையே தனி. மறுநாளிலிருந்து புழுவுக்குத் தழை பறிக்க நாத்தனார் போனாள், நான் கூடத்துக்குப் போனேன். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்து போவார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால், "உள்ள கம்ப்யூட்டர் வேல நடக்குது, சத்தம் போடாத" என்று வாசலோடு அனுப்பிவிடுவார். தெருவில் வீட்டுக்காரரைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "வேல எவ்வளவு தூரத்துல இருக்குதுங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் அசராமல், "நடக்குதுங்க" என்பார்.

கேசட் ஓடி, விளையாட்டு திரைக்கு வருவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் டேப்ரிக்கார்டர் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. எங்கள் குடும்பப் பேச்சு தொடங்கியதே அந்தக் கீச்சுச் சத்தத்துக்குள்தான்.

முதல் நாள் அவர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தார். ஓநாய் அடித்துக் கொன்றுவிட்டது. மறுபடி போனார், மறுபடி செத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, வந்ததும் வராததுமா காட்டுக்கு எதுக்குங்க? மொதல்ல இந்த ஊர்ல யாரு யாரு இருக்காங்கன்னு பார்த்துட்டுப் போலாங்க" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் நீளமான பேச்சு.

அதன்பிறகு எங்கள் ஆட்டம் எங்கள் ஊர் விருந்து மாதிரி ஆகிவிட்டது. ஒரு வீடு விடாமல் போய் எல்லாரையும் பார்த்தோம். ஒரு வீட்டில் போய் நின்றதும், உனக்கு என்ன வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டது. வந்தவனை வாங்க என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்ன வேண்டும் என்றா கேட்பது? நாமாவது மரியாதையாக இருப்போம் என்று, நல்லா இருக்கீங்களா என்பதை இங்கிலீஷில் தட்டினேன். எனக்குப் புரியவில்லை என்று பதில் வந்தது. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் புரியவில்லை என்றது. "சரியான திமிர் புடிச்ச வூடுங்க இது, வாங்க போலாம்" என்றேன் கோபத்தோடு. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மேல் பல்லில் ஒரு சின்ன உடைசல் இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

நாங்கள் அவசரமே படவில்லை. விளையாட்டிலும் பொழுது சாயும், இருட்டும். இருட்டினால் அந்த ஆளை நான் ஊரைத் தாண்ட விடமாட்டேன். "ஏம்மா, இது பொம்மைதான" என்பார். "பொம்மைன்னாலும் இருட்டுல காட்டு வழி எதுக்குங்க?" என்பேன். பகலில் அவனை ஆற்றோரமாக நடக்கவிட்டு, அவர் மஸ்கட் கதை சொல்வார். ஒரே அறையில் அடுக்கி வைத்த கட்டில்கள், முறை வைத்துச் சமைப்பது, பொங்கலன்றுகூட ஜெனரேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தது, எல்லாம் சொன்னார். "அங்க எல்லாமே ஓட்டந்தாம்மா. நின்னு ஒரு ஆளப் பார்த்து நல்லா இருக்கியான்னு கேக்க முடியாது" என்று ஒருநாள் சொன்னார். அவருக்கும் போக மனசில்லை என்று அப்போது எனக்குப் பட்டது. ஆனால் வாய்விட்டு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நடுநடுவே கரன்ட் போய்விடும். கேசட்டில் பதிந்து வைக்காமல் இருந்தால் அதுவரை நடந்ததெல்லாம் போச்சு, பழைய இடத்திலிருந்து திரும்ப நடக்க வேண்டும். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். வேலை முடியாத வரைக்கும் பக்கத்தில் உட்காரலாம் அல்லவா!

அத்தை நிலைப்படியில் உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டே எங்கள் வேலையைப் பார்ப்பார். டி.வி.யில் தெரிகிறவர்கள் எல்லாரும் எங்கேயோ நிஜமாக இருக்கிறவர்கள்தானே? இந்த மனுஷனும் மஸ்கட் கம்பெனி ஆள், மகன் இங்கிருந்தபடியே அவனுக்கு வழி சொல்லி வேலை வாங்குகிறான் என்று அத்தை தாமாகவே முடிவு செய்திருக்கிறார். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டார். "ஏங்கண்ணு, அந்தத் தம்பி எந்நேரமும் நடந்துகிட்டே கெடக்குதே, சோறு தண்ணி ஏதாச்சும் உண்டா?"

"இப்பத்தான் ரொட்டி வாங்கிக் குடுத்தோங்க அத்தை."

"ரொட்டியா? ஐயோ பாவம், காய்ச்சலா அதுக்கு?"

எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே ஓடிவிட்டார்.

மாசிக் கடைசியில் மாமனாரின் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்தார். அங்கே ஏதோ ஃபேக்டரியில் வேலை. கூடத்துக்குள் நுழைந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "அடடே, வீடியோ கேமா? பெங்களூர்ல பசங்க இதுக்குப் பைத்தியமா அலையறாங்க" என்றார். மாமனார் அப்போதுதான் தழைக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"கேமுன்னா?"

"வெளையாட்டு சித்தப்பா."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. மாமனார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தன நாளா வேல வேலன்னு, ஊரெல்லாம் நான் சொல்லிக்கிட்டுத் திரியறன். வெளையாட்டாடா?" என்று கத்தினார்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். முதலில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். "அப்ப அந்தத் தம்பி நெசம் இல்லியா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, "கண்ணாலம் கட்டுன புள்ளைங்க வெளையாடாம, நீங்களும் நானுமா வெளையாடப் போறோம்? போயி புழுவுக்குத் தழை போடுங்க" என்றார். மாமனார் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தை திரைக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "சரி, ஆத்தோரத்துல உட்டுட்டு வந்தீங்களே, அப்புறம் என்னா ஆச்சு?" என்றார். அன்றைக்கு அந்த அம்மாளை எனக்கு அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அதன்பிறகு திரையில் எங்கள் ஊர்வலம் மூன்று பேராக நடந்தது. அவர் கிளம்ப வேண்டிய நாளும் வந்துகொண்டிருந்தது. ஊறுகாய், பருப்புப்பொடி, புளி எல்லாம் பொட்டலமாகிப் பெட்டிக்குள் போனது. விடிந்தால் பயணம் என்ற அன்று மத்தியானம் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்தோம். எழுத்துக் கட்டைகள் என் கையில். அத்தை பக்கத்தில். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் மாமனார்.

அந்த மனுஷன் ஆற்றோரமாகவே நடந்து நடந்து கடற்கரைக்கு வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. கப்பல்காரன் சொன்னதைப் படித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு இருக்கிறது, ஏறுகிறாயா? ஏறுவதானால் யெஸ்ஸுக்கு 'ஒய்', இல்லையென்றால் நோவுக்கு 'என்'.

"ஒய்ய அமுக்கு" என்றார் அவர்.

என் விரல் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அமுக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டி, திரையே தெரியவில்லை.

"என்னாம்மா?" என்றார்.

"ஏத்தி உட எனக்கு மனசு வரலீங்க" என்றேன். "இந்தப் பக்கமே நாம இன்னும் பார்க்காத ஊரு எத்தனையோ இருக்குதுங்க."

அத்தை என் முகத்தையே பார்த்தார். நான் எந்தக் கப்பலைச் சொல்கிறேன் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் கையை நீட்டினார். என் விரலை ஒதுக்கிவிட்டு, அவரே நோவுக்கான 'என்' எழுத்தை அமுக்கினார். அப்புறம் திரும்பி, "அப்பா, கயித்த அவுத்துருங்க. நான் போவல" என்றார்.

மாமனார் கயிற்றைக் கையிலிருந்து விடவில்லை. "நாலு பேரு கேட்டா என்னாடா சொல்றது?" என்றார்.

அத்தை சட்டென்று சொன்னார். "கம்ப்யூட்டர் வேல இன்னும் முடியலைன்னு சொல்லுங்க."

மாமனார் ஒரு வாரம் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கம்பெனிக்கு வரவில்லை என்று தந்தி போனது. பிறகு தோட்டத்துக் கிணற்று மோட்டார் காயில் எரிந்து நின்றுபோனது. வீட்டிலேயே மெக்கானிக்கை வைத்துக்கொண்டு வெளியாளைத் தேட முடியுமா? அவர் சரிசெய்து மோட்டார் ஓடிய அன்று அப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வருஷமே பென்னாகரம் ரோட்டில் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். மஸ்கட் சம்பளம் வரவில்லை, கஷ்டப்பட்ட காலமும் உண்டு, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவார். இன்றைக்கும் சாயந்திரம் கடை சாத்தியதும் நாங்கள் ரெண்டு பேரும் மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் அந்த மாதிரி ஏதாவது ஒரு நாட்டில் வேலை வெட்டி இல்லாமல் நடந்துகொண்டிருப்போம். "எப்பத்தாம்மா முடிப்பீங்க?" என்று மகன் தலையில் அடித்துக்கொள்வான்.

அந்த முதல் விளையாட்டை நாங்கள் முடிக்கவே இல்லை, ஒருவேளை வீடு வீடாகப் போய் நிற்காமல் அவசரப்பட்டு முடித்திருந்தால் என் வீட்டுக்காரருக்கு மேல் பல்லில் ஒரு உடைசல் இருப்பதே எனக்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.