ஆட்டோவில் ஓடிய வாள்வீரன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகப்போகிறது என்று ஒரு பகலில் நாலு மணி நேரம் நடுங்கியிருக்கிறேன். நான் செய்த குற்றம், கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை நான்கு தடவை தட்டியது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை. அம்மா கன்னட எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு தையல் கம்பெனிக்குப் போவாள். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் என்றால் காலையிலேயே பஸ் ஏறிப்போய் மூன்று மணிக்குத் திரும்புவார்.

மாமாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுப் பைத்தியம் இருந்தது. எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் இன்டர்நெட் வழியாக ஒரே காட்டுக்குள் வந்து நடமாடும் விளையாட்டு. அதில் மாமாவுக்குச் சிவப்புப் போர்வை போட்ட ஒரு வாள்வீரன். காட்டுப்பன்றிகளை வெட்ட வெட்ட அவனுக்குப் பலம் கூடும். ஆனால் ஆயிரக்கணக்கில் வெட்டவேண்டும். ஷிப்டுக்குப் போகிற மனிதருக்கு அதற்கு நேரம் ஏது? எங்கிருந்தோ ஒரு புரோகிராமைப் பிடித்துவந்து, ஆளே இல்லாமல் வீரன் தானாகப் பன்றி வெட்டும்படி செய்துவிட்டார். கம்பெனியில் மிஷினைத் தானாக ஓடவிடுவதை 'ஆட்டோவில் போடுவது' என்பார்களாம். மாமா இதற்கும் அதே பேச்சுத்தான். ஆட்டோ என்றால் மூன்று சக்கரம் என்று மட்டும் அறிந்திருந்த நான், வீரன் எதில் ஏறி எங்கே போகிறான் என்று கொஞ்ச நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

இது விளையாட்டுச் சட்டப்படி திருட்டு. அந்த மே மாத லீவில் எல்லோரும் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கிறவள் நான்தான் என்பதால், காவல் வேலை என் தலையில் விழுந்தது.

"கேம் நடத்துற செக்கிங்காரங்க திடுதிப்புன்னு காட்டுக்குள்ள வருவானுங்க பாப்பா. நம்ம ஆளு பக்கத்துல நின்னு எதாச்சும் கேட்டா, இந்தப் பட்டனத் தட்டிரு. பதில் தானா போயிரும்" என்றார் மாமா.

"தட்டலைன்னா?"

"ஆள் இல்லேன்னு கண்டுபிடிச்சு, தலையில இடிய எறக்கிருவானுங்க. நம்ம ஆளு காலி. அப்புறம் போலீசு, கேசு எல்லாம்தான். அப்பாட்ட மூச்சு விட்றாத."

கடைசியாகச் சொன்ன போலீசும் கேசும் விளையாட்டுப் பேச்சு. அது எனக்குத் தெரியவில்லை. தினமும் மாமா கொண்டுவரும் கேன்டீன் பன்னுக்காகத் தலையாட்டிவிட்டேனே தவிர, எனக்குக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் போகவே பயம். கதவை உள்பக்கம் தாழ்போட்டிருப்பேன். வெளியே செக்போஸ்ட்டுக்குப் போகும் லாரிகளால் ஜன்னல் கம்பி அதிரும். உள்ளே, யாருமே உட்காராத நாற்காலிக்கு எதிரே அந்த வீரன் ஓடுவான், வெட்டுவான், திரும்புவான், மறுபடி ஓடுவான். அவனுக்குக் களைப்பே கிடையாது. அவனை நேராகப் பார்க்கப் பிடிக்காமல் கதவோரமாக உட்கார்ந்து, ஓரக்கண்ணால் காவல் காத்தேன்.

மூன்றாம் நாள், பதினொரு மணி வாக்கில், மரங்களுக்கு நடுவிலிருந்து பச்சை உடையில் ஒரு வில்லாளிப் பெண் வந்தாள். நேராக மாமாவின் வீரனுக்கு எதிரில் வந்து நின்றாள். திரையின் அடியில் எழுத்து வந்தது. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'இல்லே இடியா?'

எனக்குப் புரிந்துவிட்டது. ஆள் இல்லே, அப்படியானால் இடியா? ஓடிப்போய்ப் பட்டனைத் தட்டினேன். மாமா எழுதிவைத்திருந்த பதில் போனது: 'இங்கேதான் இருக்கிறேன், கொஞ்சம் வேலை.' இங்கிலீஷில் இருந்தாலும் அந்த ஒரு வரியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அவள் நகரவில்லை. மறுபடி அதே கேள்வி. மறுபடி தட்டினேன். மறுபடி அதே பதில். நம் வீரனோ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பன்றியைத் துரத்திக்கொண்டு அவள்மேலேயே இடித்துக்கொண்டு ஓடினான். பிறகு வந்தது.

'நாளே பரொல்ல. ஏனாத்ரு ஹேளு.'

நாளே என்றால் நாளை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா, வா என்பதை 'பா' என்பார். அப்படியானால் பரொல்ல என்றால் வரோம்ல! நாளைக்கு வரோம்ல! மிச்சம் இரண்டு வார்த்தை புரியவில்லை, புரிந்தது போதுமானதாக இருந்தது. மறுபடி பட்டனைத் தட்டினேன். 'இங்கேதான் இருக்கிறேன், கொஞ்சம் வேலை.' போதாது என்று இன்னொரு தடவையும் தட்டினேன். அவள் கடைசியாக 'ஓகே' என்று மட்டும் எழுதினாள். அடுத்த நொடி காட்டில் அவளைக் காணோம். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு மாமா கதவைத் தட்டியபோது நான் திறக்கவில்லை. "பாப்பா, நாந்தான்" என்று பத்துத் தடவை கத்தினார். திறந்ததும் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"போலீஸ் நாளைக்கு வருது மாமா. நாளே பரொல்லன்னு எழுதிட்டுப் போயிட்டா."

மாமாவுக்குக் கம்பெனிச் சகவாசத்தில் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. சட்டென்று கம்ப்யூட்டரைப் போட்டார். பேச்சையெல்லாம் அந்தப் புரோகிராம் எழுதிச் சேர்த்துவைத்திருந்தது. குனிந்தபடி படித்தார். முடித்ததும் மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"நீ என்ன பதில் போட்ட?"

"நீங்க சொன்ன பட்டன்தான்."

"எத்தன தடவ?"

"நாலு."

மாமா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. என் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கையில் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

"போலீஸ் இல்ல பாப்பா. யாரும் வரமாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா வரமாட்டாங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பிவந்தது. பன்னைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறேன், கன்னடத்தில் சண்டைகூடப் போடுவேன். இங்கிலீஷில் த-வுக்கும் ட-வுக்கும் ஒரே எழுத்து. அவள் கேட்டது இடியை அல்ல. 'இல்லே இத்தீயா?' இங்கேயே இருக்கிறாயா? 'நாளே பரொல்ல.' நாளைக்கு வரமாட்டேன். 'ஏனாத்ரு ஹேளு.' ஏதாவது சொல். அவள் பெங்களூர்ப் பெண் என்றும், ஒரு வருஷமாகச் சாயங்காலங்களில் மாமாவோடு அந்தக் காட்டில் பேசிக்கொண்டிருந்தவள் என்றும், இருவரும் முகம்கூடப் பார்த்ததில்லை என்றும், வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்றும், நான் கல்லூரி முடித்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு மனுஷி மூன்று தடவை கெஞ்சி, ஒரே வாக்கியத்தை நாலு தடவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து மாமா ஆட்டோவில் போடுவதை விட்டுவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், தானே நாற்காலியில் உட்காருவார். வீரன் பன்றி வெட்டப் போவதில்லை. அவள் வந்து நின்ற அதே இடத்தில் சும்மா நிற்பான். பன்றிகள் வந்து முட்டித் தள்ளினாலும் வாளை எடுக்கமாட்டான். ஒரு மாசம் இப்படியே போயிற்று.

"ஏன் மாமா அடிக்காம சும்மா நிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்தா, நான் இருக்கேன்னு தெரியணும்ல" என்றார் மாமா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

செக்கிங்காரர்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமா பயந்து திருந்திவிட்டார் என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.