வதிவிடம் உறுதிப்படுத்தப்படவில்லை

என் மகளின் முதலாம் வகுப்பு இடம் என்னால்தான் போனது. முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

கொழும்பில் பெரிய அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளையைச் சேர்ப்பதென்றால் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். அதற்கு வாக்காளர் பட்டியல் சாட்சி. அதனால் பாதிப்பேர் அடுத்தவர் வீட்டு விலாசத்தில் பதிந்துகொண்டு வேறெங்கோ படுத்தெழும்புவார்கள். நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் இருந்த மச்சாள், என் கணவரின் அக்கா, பிள்ளை பிறந்த கையோடு எங்கள் வெள்ளவத்தை பிளட்டில் பதிந்துகொண்டாள். வீட்டு உறுதிப் பத்திரம் மாமாவின், அவர்களுடைய அப்பாவின், பெயரில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பம் போட்டோம். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பார்க்க ஆட்கள் வரும் நாளை மச்சாள் எப்படியோ அறிந்து, அன்று காலையிலேயே பிள்ளையோடும் பெட்டிகளோடும் வந்து இறங்கினாள்.

"ரெண்டு குடும்பத்தையும் ஒண்டாக் கண்டா சந்தேகப்படுவினம். நீர் பிள்ளையோட கொஞ்சம் வெளியில நில்லும். உங்கட ஃபைலுக்கு வேற நாள் வருவினம்."

நம்பினேன், விசரி. கணவர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் உடுப்புகளை நானே மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

வந்தவர்கள் இரண்டு ஃபைலையும் கொண்டுவந்திருந்தார்கள். எங்களைப் பற்றிக் கேட்டதற்கு, இடைக்கிடை வந்துபோவார்கள் என்றாளாம் மச்சாள். பக்கத்து வீட்டுக்காரி காதால் கேட்டது. மச்சாளின் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. எங்களுக்கு, வதிவிடம் உறுதிப்படுத்தப்படவில்லை என்று கடிதம் வந்தது. பதினொரு வருஷமாக நான் கூட்டித் துடைத்த வீடு.

மேன்முறையீடும் சரிவரவில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், அடிப்படை உரிமை வழக்குப் போடலாம் என்றார் புதுக்கடை நீதிமன்றத்து வக்கீல். ஆனால் அன்று நடந்ததைச் சத்தியக்கடதாசியில் அப்படியே எழுத வேண்டும். கணவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அக்காவைக் கோர்ட்டில் ஏற்ற மாட்டாராம். மகள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

அவளை வீட்டுக்குக் கிட்ட வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அதே அரசாங்கம், அதே இலவசப் புத்தகம். கைவிட்டுப்போன பள்ளிக்கூடத்தில் பழைய மாணவிகள் கட்டிக்கொடுத்த நீச்சல் தடாகம் இருக்கிறது. இங்கே ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை, மழை பெய்தால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அடைப்பார்கள். நல்ல சமம்.

நான் கல்வித் திணைக்களத்துக்குச் சிங்களத்தில், பெயர் போடாமல், ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டேன். விசாரித்தார்கள், இரண்டாம் தவணையில் மச்சாளின் பிள்ளையை நிறுத்தினார்கள். அந்த இடம் எங்களுக்கு வரவில்லை, யாரோ முன்பின் தெரியாதவர்களுக்குப் போனது.

மச்சாள் வந்து என் குசினியில் இருந்து அழுதாள்.

"இது ஆர் செய்த வேலை? என்ர பிள்ளையின்ர பாவம் அவையளைச் சும்மா விடாது."

"விடாது மச்சாள்" என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஆண்டு நடுவில் மச்சாளின் பிள்ளையைச் சேர்க்க என் மகளின் பள்ளிக்கூடத்தில்தான் இடம் இருந்தது. அதனால் இப்போது கிழமை நாட்களில் அந்தப் பிள்ளை உண்மையாகவே எங்களோடுதான் இருக்கிறாள். நேற்றுக் காலை நான் தலை இழுத்துவிடும்போது கேட்டாள்.

"மாமி, நான் என்ன பிழை விட்டனான்?"

தலையை நேரே பிடி என்று சொல்லிப் பின்னலை இறுக்கினேன்.