கழுவி வைத்த கேரியர்

வீட்டை விட்டு நகர முடியாத பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையில், சாம்பார் சிந்தினால் துடைத்துவிடலாம், பேச்சில் மாட்டினால் தப்பிக்கவே முடியாது. வண்டி நிறையக் கேரியரைக் கட்டிக்கொண்டு அலையும் சகபாவிகளுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சமையல்கூடம் ஆரப்பாளையத்தில். பதினொரு மணிக்குக் கிளம்பினால் பத்தொன்பது வீடு. பாதிப் பேர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், தாமதமானால் மயக்கம் வந்துவிடும். அதனால் ஓட வேண்டும். புதுக் கேரியரைக் கொடுத்து, நேற்றைய காலிக் கேரியரை வாங்கி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போட வேண்டும். ‘சாப்பாடு கொடுத்தாச்சு’ என்றுதான் போடச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் சந்தோஷப்படட்டுமே என்று நானாக ‘அப்பா சாப்பிட்டார்’ என்று போடுவேன். போடும்போது நான் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

பஸ்காரப் புத்தி

இதற்கு முன்னால் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். ஏறு, இறங்கு, ரைட் என்று பதினாலு வருஷம் கத்திய வாய். அந்தப் புத்தி இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

கீழக்குயில்குடியில் கருப்பையா என்று ஒருவர். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்து, ஒரே மகளை டீச்சராக்கியவர். மனைவி இறந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வருவார், அதற்கு மேல் நகர முடியாது. மகள் தேன்மொழிக்கு ஓசூரில் வேலை. அவரோ ஊரை விட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். முதல் நாள் கேரியரை நீட்டியதும், “உக்காருப்பா, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ” என்றார். எல்லாரும் சொல்கிற உபசாரம்தானே என்று நினைத்தேன். இன்னும் ஆறு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “இம்புட்டு வெரசா வந்துட்டு நிக்காமப் போறியே, பஸ்ஸா ஓட்டுற?”

பச்சை நூலும் சிவப்பு நூலும்

எங்கள் கேரியர் பிடியில் நூல் சுற்றியிருக்கும். சிவப்பு என்றால் உப்பு கம்மி, பச்சை என்றால் எல்லாம் வழக்கம்போல. ஒருநாள் அவசரத்தில், பழங்காநத்தத்தில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் ரிட்டயர்டு குமாஸ்தா ஒருவருக்குப் பச்சை நூல் கேரியரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடினேன். மனிதர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். உள்ளே மருமகள் இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அது போகட்டும் தம்பி, அடுத்து எப்ப மறப்பீங்க?”

முத்துலட்சுமியின் ஆடு

பத்தொன்பது வீட்டில் கருப்பையா வீட்டுக் கேரியர்தான் பளபளவென்று திரும்பி வரும். ஒரு பருக்கை ஒட்டியிருக்காது. “பாருங்க, ஒருத்தராவது நம்ம சமையலை வழிச்சுச் சாப்பிடுறார்” என்று சமையல்காரரிடம்கூடப் பெருமையடித்தேன். கருப்பையாவின் சட்டை தொளதொளவென்று ஆனதைப் பார்க்காமல் இல்லை. வயசாச்சு, வற்றத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மாசம் கழித்து ஒருநாள் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி வண்டியை மறித்தாள். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறவள், அன்று லீவு. கேரியரை அவள்தான் கழுவி வைக்கிறாளாம். பெரியவர் ஒரு வாயோ ரெண்டு வாயோ எடுத்துவிட்டு மூடி வைத்துவிடுவாராம். மகளிடம் மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். மிச்சமெல்லாம் கழனித்தண்ணியில் கலந்து ஆட்டுக்குப் போகிறது. அவள் மறித்த காரணம் வேறு. “அண்ணே, குழம்புல காரத்தைக் கொறைக்கச் சொல்லுங்க, எங்க ஆடு வாய வைக்க மாட்டேங்குது.”

இரண்டு தட்டு

மறுநாள் பாதையை மாற்றினேன். கருப்பையா கடைசி வீடு. என் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போய், “எனக்கும் பசிக்குதுங்கய்யா” என்று எதிரில் உட்கார்ந்தேன். நான் பிசைந்ததும் அவரும் பிசைந்தார். மொத்தச் சோற்றையும் சாப்பிட்டு, மோர் இருக்கிறதா என்று கேட்டார். வயலில் மதியம் இருபது பேர் வரப்பில் உட்காருவார்களாம், கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருத்தரும் தூக்குவாளியைத் திறக்க மாட்டார்களாம். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “தனியா உக்காந்து தின்னா களவாண்டு திங்கிற மாதிரி இருக்குப்பா.”

அன்றே தேன்மொழிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. போட்டால் நாலு மாசமாக நான் அனுப்பிய வரியெல்லாம் பொய்யென்று ஆகிவிடும். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

தேன்மொழி சொன்னது

ஒன்பது நாள் சேர்ந்து சாப்பிட்டோம். பத்தாம் நாள் காலையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். உடம்பில் தெம்பு என்பதே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அந்தப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டது. சொல்ல வந்ததை அன்று சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. தேன்மொழி சொன்னது இவ்வளவுதான்: “அப்பா சாப்பிட்டார்னு உங்க மெசேஜ் வந்த பிறகுதாண்ணே நான் டிபன் பாக்ஸையே தொறப்பேன்.”

சாப்பாடு கொடுப்பதற்கும் சாப்பிட வைப்பதற்கும் நடுவில் பத்து நிமிஷம்தான் வித்தியாசம், அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்துத்தான் எங்கள் சமையல்கூடத்தில் நான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன்.