குமிழியைச் சுற்றிப் போட்ட கோடு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை வட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அவள் பார்க்கிற வேலை வட்டம் போடுவது. கேலி என்று நினைத்துவிடாதீர்கள். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளையை மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் படம் எடுத்து அவள் திரைக்கு அனுப்புவார்கள். குறுக்கே வெட்டுப்பட்ட நரம்பிழை ஒவ்வொன்றும் அதில் வளையமாகத் தெரியும். நடுவில் இழை, அதைச் சுற்றிக் கொழுப்பு உறை. உறையின் உள்விளிம்பில் ஒரு கோடு, வெளிவிளிம்பில் ஒரு கோடு போட்டால், தடிமன் எவ்வளவு என்று கணினி சொல்லிவிடும். வயதாக ஆக அந்த உறை என்ன ஆகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

படம் எந்த வயதுக்காரருடையது என்று அளப்பவரிடம் மூச்சுவிடமாட்டார்கள். வெறும் எண்தான் இருக்கும். விடை இன்னதென்று தெரிந்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். இதில் வட்டக்கா மகா கறார். ஒருமுறை யாரோ பேச்சுவாக்கில் "இது எண்பது வயசுக்காரரோடது" என்று உளறிவிட, அந்தப் படத்தைத் தொடவே மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் சோதனை வந்தது. அளப்பவர்களில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், தாங்கள் சேர்ந்த முதல் வருஷம் அளந்த ஐம்பது படங்களை மறுபடி அளக்க வேண்டும் என்று உத்தரவு. பழைய அளவுக்கும் புதியதற்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், நாற்காலியைக் காலிசெய்துவிட்டுக் கீழே ஸ்டோரில் கண்ணாடித் தகடு கழுவ வேண்டியதுதான்.

"என் கையையா சந்தேகப்படுறாங்க?" என்று பொருமிக்கொண்டே உட்கார்ந்தாள்.

பதினேழாவது படத்தில் பிடித்தது சனி. ஓர் இழையின் உறை இரண்டாகப் பிரிந்து, நடுவே தண்ணீர்க் குமிழி. வட்டக்காவுக்குச் சுரீர் என்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்டவற்றை எல்லாம் குமிழியோடு சேர்த்து ஒரே வளைப்பாக வளைத்திருக்கிறாள். தண்ணீரையும் உறை என்று அளந்து தொலைத்திருக்கிறாள்! மறுவருஷமே விவரம் பிடிபட்டு, குமிழியை விட்டுவிட்டுத்தான் கோடு போட்டாள். முதல் வருஷத்துப் படங்களை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும்தான். அந்த அளவுகளை வைத்து, 'வயதானால் உறை தடிக்கிறது' என்று கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர், அப்போது மாணவியாக இருந்த டாக்டரம்மா. இன்று அவர்தான் தலைமை.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொல்லிப் புலம்பினாள். அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்.

"இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கறே? அன்னைக்கு எப்படிப் போட்டியோ அப்படியே போட்டுட்டு வா. உன் நாற்காலியும் மிஞ்சும், அந்தம்மா பேரும் மிஞ்சும்."

"நீங்க பிரேக் தேஞ்ச பஸ்ஸைத் தெரிஞ்சே வெளிய அனுப்புவீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."



மறுநாள் மிச்சப் படங்களிலும் அங்கங்கே குமிழி; அவள் கண்ணுக்குத் தெரிந்தபடிதான் கோடு போட்டாள். மொத்த வித்தியாசம் நூற்றுக்குப் பதினொன்று.

"என்னக்கா இது? உங்களுக்கா பதினொண்ணு?" டாக்டரம்மா பதறிக்கொண்டு வந்தார்.

வட்டக்கா குமிழியைக் காட்டினாள். "இன்னைக்குப் போட்டதுதான் சரி. அன்னைக்குத் தப்பாப் போட்டவளும் நான்தான். திட்டுறதுன்னா திட்டிடுங்க."

டாக்டரம்மாவின் முகம் வெளிறிப்போனது. "மேடை மேடையாச் சொல்லிட்டு வந்தேனேக்கா..." என்றவர், குமிழியைத் திரையில் பெரிதாக்கி, பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில், "முதல் வருஷத்துப் படம் மொத்தத்தையும் மறுபடி அளந்தாகணும்," என்றார்.

"இப்பவே ஆரம்பிக்கிறேன்." கை மௌஸுக்குப் போய்விட்டது.

"நீங்க அளக்கக் கூடாதுக்கா. விடை எப்படி வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குப் போட்டதுதான் சரின்னு நிரூபணமாகிற வரைக்கும் உத்தரவும் உத்தரவுதான். ஸ்டோர்லதான் இருக்கணும்."

வட்டக்கா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். இதே நியாயத்தை ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தானே! "சரி. அடுத்து உட்கார்றவங்களை நாற்காலியைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கச் சொல்லுங்க. என் உயரத்துக்கு இறக்கி வச்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். படிக்கட்டில் இறங்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நாலு மாதம் தகடு கழுவினாள். ஒருநாள் டாக்டரம்மா மூச்சிரைக்க ஸ்டோருக்கு ஓடிவந்தார். "அக்கா, மூணு பேரை விட்டுத் தனித்தனியா அளந்தாச்சு. குமிழி வயசானவங்க படத்துலதான் அதிகம்; அதை விட்டுட்டு அளந்தா உறை தடிக்கவே இல்லை. பழைய கட்டுரை தப்புன்னு எழுதி அனுப்பிட்டேன். நீங்க மறுபடி அளந்த பதினேழாவது படம் மூணு பேருக்கும் அச்சு அசலா அப்படியே வந்திருக்கு!"

வட்டக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வராம? அளந்தது யாரு?"